சப்பாத்து எடுத்த ஐயாவும் நான் சொல்லாத பாதியும்

ஒரே சந்திப்பில், பத்து நிமிட இடைவெளியில், பேசக்கூடாத இடத்தில் ஒரு தடவை பேசினேன். பேசச் சொல்லிக் கேட்டபோது ஒரு தடவை பேசாமல் இருந்தேன். இரண்டில் எது பிழை? நான்கு வருடமாக யோசிக்கிறேன். பால் போத்தல் கழுவும்போது ஒரு பதில் வருகிறது. தள்ளுவண்டியோடு டிராமில் ஏறும்போது அதற்கு நேரெதிரான பதில் வருகிறது.

முதலில் என்னைப் பற்றி. நான் ஓய்வு பெற்ற தொழிலாளி. வயது முப்பத்தாறு. பத்து வருடம் சுவிஸில் பேர்ணிலும் சுற்றுப்புறத்திலும் ஆஸ்பத்திரி, பாடசாலை, முதியோர் இல்லம் என்று தமிழுக்கும் ஜெர்மனுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, "இன்னும் ஒரு மணித்தியாலத்தில் வர முடியுமா" என்று அழைப்பு வந்தால் பிள்ளையை யாரிடம் விடுவது என்பதே பெரிய மொழிபெயர்ப்பாகிவிட்டது. போதாததற்கு, இப்போது பல இடங்களில் மேசையில் மொழிபெயர்க்கும் ஒரு சின்ன மின்பலகையை வைத்து அதனிடமே கேட்கிறார்கள். அது ஒரு சொல்லும் கூட்டாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடுமுறையும் கேட்காது. நான் விலகினேன். அலுவலகம் ஒரு பூச்சாடி தந்தது. எம்மன்புரூக்கே என்ற ஊரில் இருக்கும் அம்மா, "மகள் பென்சன் எடுத்திட்டா" என்று தெரிந்தவர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். சிலர் என் முழங்கால் எப்படி என்று விசாரிக்கிறார்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள், "அக்கா, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத் தொடங்கியதுதான் இது. எழுத எழுத, அவர்களுக்குக் கொடுக்கலாமா என்ற சந்தேகம் வந்துவிட்டது.

பயிற்சிக் காலத்தை ஒரு வரியில் சொல்லலாம்: ஆறு சனிக்கிழமைகள், நிறையக் கோப்பி, கூட்டாதே, குறைக்காதே, அழாதே. மற்றதெல்லாம் ப்ராவ் லூத்தி, தமிழில் திருமதி லூத்தி. அவர்தான் எங்கள் மேலாளர். மெலிந்த, நரைத்த பெண்மணி. அப்பிளை நடுத்தண்டோடு சேர்த்துச் சாப்பிடுவார், காம்பை மட்டும் கைக்குட்டையில் வைப்பார். புதியவர்களோடு கூட வந்து அறையின் மூலையில் உட்கார்ந்து கம்பளி பின்னுவார். நாம் பிழை விட்டால் ஊசி நிற்கும். அவ்வளவுதான். வெளியே வந்ததும் "ஷ்பானெண்ட்" என்பார். சுவாரசியம் என்று அகராதி சொல்லும். அவருடைய வாயில் அதற்கு "இப்படி இன்னொரு தடவை செய்யாதே" என்று பொருள் என்பதை மூன்றாவது சனிக்கிழமைதான் விளங்கிக்கொண்டேன்.

அவர் சொல்லித்தந்த ஒழுங்குகள் சில. டொக்டர், நோயாளி, நாம் என்று மூன்று கதிரைகளையும் முக்கோணமாகப் போடவேண்டும். நோயாளி "எனக்கு நோகுது" என்றால் நாமும் "எனக்கு நோகிறது" என்றே சொல்லவேண்டும். "அவருக்கு நோகிறதாம்" என்று சொன்னால் ஊசி நிற்கும். நமக்கே ஏதாவது சொல்ல இருந்தால், "மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்" என்று நம்மை நாமே மூன்றாவது ஆளாக்கிச் சொல்லவேண்டும். அறையில் காதில் விழும் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவேண்டும். அறைக்கு வெளியே நோயாளியோடு தனியாகக் கதைக்கவே கூடாது.

எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். முதல் வருடம் ஓர் அண்ணை டொக்டரிடம் "நான் குடிக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "பியரைச் சேர்க்காதையும் தங்கச்சி" என்றார். நான் அதையும் ஜெர்மனில் சொன்னேன். மூலையில் ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அண்ணை இன்றைக்கும் என்னைக் கோயிலில் கண்டால் நவக்கிரகத்தின் மற்றப் பக்கத்தால் சுற்றுகிறார்.

இனி அந்த வழக்கு. தொழில் ரகசியம் ஓய்வுக்குப் பிறகும் உண்டு. ஆகவே பெயர்களை மாற்றியிருக்கிறேன், இடத்தையும் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன். அவரைக் கந்தையா ஐயா என்று வைத்துக்கொள்வோம்.

பேர்ணுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். ஐயாவுக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பதினைந்து வருடம் பாத்திரம் கழுவி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகன் குடும்பம் தூரத்தில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கால்களுக்குத் துணையாக உருட்டும் வண்டியோடு தனியாக பஸ் ஏறிக் கோயிலுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு வருவார்.

அந்த இல்லத்தில் வெளியே போட்டுப்போகும் சப்பாத்துகளை ஒவ்வொருவரும் தத்தம் அறை வாசலில் ஒரு பாயில் விடுவார்கள். ஐயா இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். எல்லாருடையதையும். துணி அலமாரியில் இருந்து எடுத்திருக்கிறார்கள். பியானோவுக்குப் பின்னால் இருந்து எடுத்திருக்கிறார்கள். ஒரு தடவை சூப் வண்டியின் கீழ்த்தட்டில் பதினொரு சோடி, சோடி மாறாமல், வரிசையாக. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒரு முதியவர் சப்பாத்தைத் தேடி மேஸ் போட்ட காலோடு நடந்து வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அத்தோடு சிரிப்பு முடிந்தது.

ஐயாவை மூடிய பிரிவுக்கு மாற்றுவதா என்று தீர்மானிக்கத்தான் அன்றைய சந்திப்பு. மூடிய பிரிவின் கதவு எண் அழுத்தினால்தான் திறக்கும். தோட்டத்துக்கு ஆள் துணையோடுதான் போகலாம். வெள்ளிக்கிழமை பஸ் இல்லை.

டொக்டர் இருபது நிமிடம் பிந்தினார். சுவிஸ் டொக்டர். இந்தக் கட்டுரையில் நம்ப முடியாத விஷயம் இது ஒன்றுதான், ஆனால் உண்மை. நான் அறைக்கு வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஐயா வண்டியை உருட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழும்பியிருக்க வேண்டும்.

"பிள்ளை எந்த ஊர்?"

"பேர்ண், ஐயா."

"அது இருக்கிற இடம். அம்மா எந்த ஊர்?"

"உள்ளுக்கை போய்க் கதைப்பம் ஐயா. இங்கை நாங்கள் கதைக்கக் கூடாது."

"ஊர் சொல்லுறதுக்கும் சுவிசிலை தடையோ?"

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு "சாவகச்சேரி" என்று சொன்னேன். ப்ராவ் லூத்திக்கு எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாத ஒரு விஷயம் இதுதான். ஊர் சொன்னால் எவடம் என்று கேட்பார்கள். எவடம் சொன்னால் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பார்கள். மூன்று நிமிடத்தில் அம்மாவின் பெரியப்பாவோடு அவர் சந்தையில் கதைத்திருக்கிறார் என்று வந்துவிடும். அதற்குப் பிறகு நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை. தெரிந்த வீட்டுப் பிள்ளை.

அப்போது என் மூத்தவளுக்கு இரண்டு வயது. வீட்டுத் திறப்புக் கொத்தை ஒளித்து வைக்கும் பருவம். அவளிடம் கேட்கும் அதே குரல் என் வாயில் வந்துவிட்டது.

"ஏன் ஐயா எல்லாற்றை சப்பாத்தையும் எடுக்கிறியள்?"

"என்ரை முதல் உத்தியோகமே அதுதான், பிள்ளை. ஆறு வயசிலை. சம்பளம் இல்லை."

"யாழ்ப்பாணத்திலையோ?"

"பர்மாவிலை. அப்பா நெல்லு மில்லிலை எழுத்துவேலை. சுத்திவர இந்தியாவிலை இருந்து வந்து வயல் செய்த தமிழ்ச் சனம். வாய்க்காலுக்கு அங்காலை பர்மாச் சனம். பொங்கலுக்கு எங்கடை வீட்டை வந்து சாப்பிட்டிட்டு, உறைப்புக் காணாது எண்டு சொல்லுவினம். ஜப்பான்காரன் வாறான் எண்டு வெள்ளைக்காரன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டிட்டான். பொலிசுக்காரர் உடுப்பைக் கழட்டி எறிஞ்சிட்டு ஓடிட்டினம். நாலு நாளிலை கத்தி வந்திட்டுது."

"ஆர் வந்தது?"

"அங்காலைச் சனந்தான். எல்லாரும் இல்லை. வட்டிக்குக் குடுத்த தமிழன் அவங்கடை வயலைப் பறிச்சவன். அந்தக் கோவத்தை வயலுக்கை நிண்டவனிலை தீர்த்தாங்கள். வட்டிக்காரன் எப்பவோ கப்பல் ஏறிட்டான். வந்ததிலை ரெண்டு பேர் மில்லுக்கு நெல்லு கொண்டு வாறவங்கள். அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவங்கள்."

இதையெல்லாம் அவர் பஸ் பிந்திய கதை சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"அங்கை எல்லாரும் செருப்பை வாசல்லை தான் கழட்டுறது. எண்ணிப் பாத்தா உள்ளுக்கை எத்தினை பேர் எண்டு தெரியும். அம்மா சொன்னா, எல்லாத்தையும் உள்ளுக்கை எடடா, வீட்டிலை ஆக்கள் இல்லை எண்டு நினைக்கட்டும் எண்டு. நாலு சோடி. எடுத்தன். நெல்லு மூட்டைக்குப் பின்னாலை படுத்தம். எங்கடை வாசலைப் பாத்திட்டுக் கடந்து போட்டாங்கள்."

"கெட்டிக்காரன் ஐயா நீங்கள்."

"கெட்டித்தனத்தை முழுக்கக் கேள். பக்கத்து வீட்டு வாசல்லை அஞ்சு சோடி கிடந்தது. ரெண்டு வீட்டுக்கும் ஒரே விறாந்தை. நான் கண்டனான். அவைக்கு ஒண்டும் தெரியாது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவை. மீன் குழம்பு மணந்தது. அதையும் எடுப்பம் எண்டுதான் நினைச்சன். ரெண்டு கையும் நிறைஞ்சு போச்சு."

நாங்கள் இருவரும் எதிரே வரிசையாக இருந்த வாசல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு சோடி.

"இப்ப பார்," என்று உருட்டுவண்டியின் முன்னால் இருந்த கூடையைத் தட்டினார். "கூடை இருக்கு. கை நிறையாது."

கதவு திறந்தது. எழும்பும்போது சொன்னார்: "உள்ளுக்கை இதைச் சொல்லிப்போடாதை. சொன்னா விசர் எண்டு எழுதுவாங்கள். இல்லாட்டிப் பாவம் எண்டு எழுதுவாங்கள். ரெண்டும் எனக்கு வேண்டாம்."

உள்ளே டொக்டர், பிரிவின் பொறுப்பாளர் ப்ராவ் கெர்பர், ஐயா, நான். கதிரைகளை முக்கோணமாக இழுத்துப் போட்டேன். ப்ராவ் கெர்பர் டொக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டொக்டர் ஞாபகசக்தி பற்றிக் கேள்விகள் கேட்டார். இப்போது என்ன பருவம் என்றதற்கு ஐயா, "கலண்டரிலை கோடை. வெளியிலை மூண்டு நாளாய் மழை. எதைச் சொல்ல?" என்றார். மொழிபெயர்த்தேன். டொக்டர் சிரித்துக்கொண்டே சரி போட்டார். மணிக்கூடு வரையச் சொன்னதும் வரைந்தார். எல்லாம் சரியாகவே போனது.

"அப்படியானால் ஏன் சப்பாத்துகளை எடுக்கிறீர்கள்?"

"சும்மாதான். பொழுது போகேல்லை."

மொழிபெயர்த்தேன். ப்ராவ் கெர்பரின் முகம் இறுகியது. கெட்டவர் இல்லை, முறிந்த மணிக்கட்டுக்குப் பதில் சொல்லவேண்டியவர். காரணம் இல்லாமல் செய்கிறார் என்றால் நாளைக்கும் செய்வார், அவரைத் திறந்த பிரிவில் வைத்திருக்க முடியாது என்றார். டொக்டர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஏதாவது சேர்க்க விரும்புகிறாரா என்று ஐயாவைக் கேட்டார். நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். ஐயா டொக்டரின் சப்பாத்துகளைப் பார்த்தார். 

அப்போது என் வாய் ஜெர்மனில் சொன்னது: "உள்ளே நாங்கள் எத்தனை பேர் என்று வெளியில் இருந்து வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. அதற்காகத்தான் எடுக்கிறேன்."

பழக்கதோஷத்தில் "நான்" என்றே சொல்லிவிட்டேன். டொக்டரின் பேனா நின்றது. ஐயா சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டார். ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். ஹோட்டல் சமையலறையில் பதினைந்து வருடம் நின்றவருக்கு அவ்வளவு ஜெர்மன் விளங்கும் என்பதை நான் மறந்துபோனேன்.

"பிள்ளை, நான் வாயே திறக்கேல்லையே," என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று டொக்டர் கேட்டார்.

அறையில் காதில் விழும் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவேண்டும். மொழிபெயர்த்தேன். "நான் வாயே திறக்கவில்லை" என்று.

டொக்டர் ஐயாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் குறிப்பைப் பார்த்தார். "அப்படியானால் இதைச் சொன்னது யார்?"

"மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்," என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே யாரோ ஒருவரின் குரல்போல் கேட்டது. "அதைச் சொன்னது மொழிபெயர்ப்பாளர். வெளியே வாங்கில் கேட்டது. சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் வருந்துகிறார்."

ப்ராவ் லூத்தி மூலையில் இல்லை. ஆனாலும் ஊசி நின்றது எனக்குக் கேட்டது.

டொக்டர் என்னை விட்டுவிட்டு, மெதுவான ஜெர்மனில் ஐயாவிடமே கேட்டார்: "அது உண்மையா?"

ஐயா நீண்ட மூச்சு விட்டார். பிறகு சமையலறை ஜெர்மனில், தட்டு அடுக்கும் வேகத்தில் சொன்னார்: "செஃப் வெக். போலிட்ஸாய் வெக். மெஸ்ஸர் கும்ட்." முதலாளி போயாச்சு, பொலிஸ் போயாச்சு, கத்தி வருகுது. ஒரு பேரரசு மூட்டை கட்டிய கதையை ஆறே சொல்லில் நான் வேறெங்கும் கேட்டதில்லை. பிறகு, பர்மா என்று சொல்லி, வயதுக்கு ஆறு விரல் காட்டி, கைகளால் செருப்பு அள்ளிக் காட்டினார். தலையைக் குனிந்து மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து காட்டினார்.

ப்ராவ் கெர்பரின் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் தப்பினீர்களா?"

"அல்லே," என்றார் ஐயா. எல்லாரும். விரல் மடித்தார்: அம்மா, அப்பா, தங்கச்சி, தான். நாலு விரல். மடிக்கப்படாத பெருவிரலை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்: "மொழிபெயர்ப்பாளருக்கு ஏதாவது சேர்க்க இருக்கிறதா?"

ஐந்து சோடி. மீன் குழம்பு. நிறைந்த கைகள்.

"மொழிபெயர்ப்பாளருக்குச் சேர்க்க ஒன்றும் இல்லை," என்றேன்.

அன்றைக்கே ப்ராவ் லூத்தியிடம் போய் ஒப்புக்கொண்டேன், ஒரு பாதியை மட்டும். அவர் அப்பிளை வைத்துவிட்டுக் கேட்டார். "பேசியது பிழை," என்றார். "பேசியதை மூன்றாவது ஆளாக ஒப்புக்கொண்டது மிகச் சரி." பிறகு அப்பிளை எடுத்தார். "ஷ்பானெண்ட்" என்று சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஐயா திறந்த பிரிவிலேயே இருந்தார். தாழ்வாரத்தில் கதவு வைத்த ஓர் அலமாரி வந்தது. எல்லாருடைய சப்பாத்தும் அதற்குள். மாலையில் ஐயா உருட்டுவண்டியோடு அறை அறையாகப் போய் வாங்கி, ஒரு பட்டியலில் பதிந்து வைப்பார். மணிக்கட்டு முறிந்தவர்கூடத் தன்னுடையதைத் தானே கொண்டுவந்து கொடுத்து, "பதிவு செய்தாயா?" என்று கேட்பாராம். வெள்ளிக்கிழமை பஸ்ஸும் தொடர்ந்தது. இவ்வளவோடு நிறுத்தினால் இது நல்ல கட்டுரை.

ஆனால் இல்லத்தின் செய்தி மடலில் ஐயாவின் படத்தோடு கதை வந்தது. ஆறு வயதில் குடும்பத்தைக் காப்பாற்றிய வீரன் என்று. அடுத்த வருடம் மறுபடி ஒரு சந்திப்புக்குப் போனேன். ஐயா மெலிந்திருந்தார்.

"எல்லாரும் வீரன் எண்டு கை குடுக்கினம், பிள்ளை. நீ அரைவாசி சொன்னதிலை வந்த வேலை."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. மற்றதையும் சொல்லியிருக்கவேணுமோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப சொன்னதுதான் பிழையோ?"

"அப்பிடியும் சொல்லேல்லை. நீ இனி என்ரை வாயிலை சொல்லு வைக்காதை." சிரித்தார். பிறகு டொக்டர் வர முன்னரே, என் குறிப்புப் புத்தகத்தைக் காட்டி, "எழுது" என்றார். பக்கத்து வீட்டு ஐந்து பேரின் பெயர்களையும், மூத்தவரில் இருந்து கடைசிப் பிள்ளை வரை, வயதோடு சொன்னார். எழுதினேன். சந்திப்பு முடிந்ததும் குறிப்புகளை நோயாளியின் கண் முன்னால் கிழித்துப் போடவேண்டும் என்பது விதி. கிழித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. ஆனால் நான் பாடமாக்கிவிட்டேன் என்று அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது.

கடந்த குளிர்காலம் அவர் காலமானார். இந்த மாதம் அவருடைய பேத்தியிடம் இருந்து ஜெர்மனில் ஒரு கடிதம். மீரா என்று வைத்துக்கொள்வோம். உயர்பாடசாலைக் கடைசி வருடம். எல்லாரும் எழுதவேண்டிய பெரிய ஆய்வை அப்பப்பாவின் பர்மாக் கிராமத்தைப் பற்றி எழுதுகிறாள். "நீங்கள்தான் அவருக்கு மொழிபெயர்த்தீர்கள் என்று இல்லத்தில் சொன்னார்கள். செய்தி மடலில் இருப்பதைவிட வேறு ஏதாவது சொன்னாரா? எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது," என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்த ஒரே தைரியத்தில்தான் இதை இங்கே தமிழ் வாசகர்களுக்கு எழுதுகிறேன்.

என் மூத்தவளுக்கு இப்போது ஆறு வயது. பாடசாலைக்கு வெளிக்கிடும்போது சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, பொருந்தவில்லை என்று அழுகிறாள். அவளுடைய இரண்டு கைகளையும் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்றில் ஒரு சோடி பிடித்தால் மற்றதில் ஒரு சோடி. அதற்கு மேல் நெஞ்சோடு அணைத்துத்தான் கொண்டுபோகவேண்டும். நாலு சோடி தூக்கியதே பெரிய விஷயம். இதை மீராவுக்கு எழுதினால் விளங்கிக்கொள்வாள் என்று தோன்றுகிறது. அப்பப்பா ஒருவருக்கும் சொல்லாததை ஓய்வு பெற்ற ஒருத்தி ஏன் சொல்லவேண்டும் என்றும் தோன்றுகிறது.

இரண்டு பதில்கள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, "மொழிபெயர்ப்பாளருக்குச் சேர்க்க ஒன்றும் இல்லை." மற்றது இரண்டு பக்கம், அதன் கடைசியில் ஐந்து பெயர்கள். என் நினைவில் தவிர அந்தப் பெயர்கள் வேறு எங்கேயாவது இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியாது. நேற்று மூன்றாவது பெயர் சட்டென்று வரவில்லை. இளையவளைக் குளிப்பாட்டி முடிக்கும்வரை காத்திருக்கவேண்டி வந்தது.

ஆய்வை ஒப்படைக்கும் நாள் இலையுதிர்கால விடுமுறைக்கு முன்னர். உங்களில் பெற்றோர் இருப்பீர்கள், பேரப்பிள்ளைகள் இருப்பீர்கள், யாருடையதோ ஒரு பாதியை வைத்துக்கொண்டிருப்பவர்களும் இருப்பீர்கள். எதை அனுப்பட்டும்? தயவுசெய்து எழுதுங்கள். கொஞ்சம் கெதியாக.